மடை திறந்தவனுக்கு வேலை இருக்கிறதாம்!



நம் கிளை உறுப்பினர் ஒருவர் வீட்டுக்குக் கணக்கெடுக்க ஒரு தம்பி வந்தார். வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு என்று சொல்லித் திண்ணையில் உட்கார்ந்து, கையில் வைத்திருந்த கருவியில் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிந்தார்.

"ஐயா, போன ஏழு நாளில் என்ன வேலை செஞ்சீங்க?"

"எங்க தம்பி வேலை? சம்பா அறுத்தாச்சு. உளுந்து நிக்கிது. சும்மாதான் கிடக்கோம்."

"வயல் பக்கமே போகலையா?"

"ஒருநாள் ராவுல மழை பெஞ்சு உளுந்துல தண்ணி கட்டிக்கிச்சு. காலையில போய் மடையைத் திறந்து வடியவிட்டுட்டு வந்தேன். ஒரு ஒன்றரை மணி நேரம் ஆயிருக்கும்."

"பையன்?"

"இன்ஜினியரிங் முடிச்சுட்டு ரெண்டு வருசமா வீட்டுலதான் இருக்கான். வேலை தேடுறான். அன்னிக்கு என்கூட மம்பட்டியத் தூக்கிக்கிட்டு வந்தான்."

"அம்மா?"

"அவ எங்க வேலைக்குப் போறா? மாடு ஒண்ணு இருக்கு, பால் கறப்பா, சொசைட்டிக்கு ஊத்துவா."

தம்பி பதிந்துகொண்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவருக்குக் கொடுத்த விதிப்படிதான் அவர் எழுத முடியும். அந்த விதி என்ன சொல்கிறது தெரியுமா? தகப்பனார் சுயதொழில் செய்பவர். மகன் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர். தாயும் அப்படியே. மூன்று பேருக்கும் வேலை இருக்கிறது. அந்த வீட்டில் வேலையில்லாதவர் யாருமே இல்லை!

நாம் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தோம். பிறகு விசாரித்துப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. வேடிக்கைக்குச் சொன்னதல்ல, நாடு முழுவதும் நடப்பதே இதுதான்.

காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு என்று 2017 முதல் மத்திய அரசு நடத்திவருகிறது. அதில் இரண்டு அளவுகோல்கள். ஒன்று வார நிலை. கடந்த ஏழு நாளில் ஏதோ ஒரு நாளில், ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும், அந்த வாரம் முழுக்க நீங்கள் வேலையில் இருப்பவர். மிச்சமுள்ள நேரமெல்லாம் வேலை தேடி அலைந்தேன் என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் செல்லாது. வேலை செய்ததுதான் முதலில், தேடியது பிறகுதான். இரண்டாவது வழக்கமான நிலை. கடந்த 365 நாளில் பெரும்பகுதி நாள் நீங்கள் வேலையில்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் 30 நாள் ஏதாவது துணைத்தொழில் பார்த்திருந்தால் உழைப்பாளர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். கூலி வாங்கியிருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. அப்பன் வயலில் சும்மா உதவியிருந்தாலே போதும்.

இந்த இரண்டாவது அளவுகோலை வைத்துத்தான் 2023-24-ல் நாட்டில் வேலையின்மை வெறும் 3.2 சதவீதம் என்று அறிவித்தார்கள். நூறு பேரில் மூன்று பேர்! நம் ஊர் டீக்கடை பெஞ்சில் காலை பத்து மணிக்கு வந்து எண்ணிப் பாருங்கள், அந்த மூன்று பேரை ஒரே பெஞ்சில் காட்டுகிறோம்.

ஒரு மணி நேர விதி நம் அரசு கண்டுபிடித்ததல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். 1982-ல் ஜெனீவாவில் கூடிய உலகத் தொழிலாளர் புள்ளியியல் அறிஞர்கள் மாநாடு வகுத்த விதி அது. நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிட ஒரு மணி நேர உழைப்பையும் விடக்கூடாது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் உற்பத்தியை அளக்கச் செய்த மரக்காலை எடுத்துவந்து வயிற்றை அளந்தால் சரியாக வருமா? அவர்கள் ஊரில் வேலை போனவனுக்கு அரசு உதவித்தொகை தருகிறது. அவன் வேலையில்லை என்று பதிந்துவிட்டு வீட்டில் இருக்கலாம். நம் ஊரில் சும்மா இருந்தால் உலை கொதிக்காது. பத்து ரூபாய் கிடைத்தாலும் எதையாவது செய்துதான் ஆக வேண்டும். வேலையில்லாமல் இருப்பதற்குக்கூட இந்த நாட்டில் கொஞ்சம் வசதி வேண்டியிருக்கிறது. அதனால்தான் இதே கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் வேலையின்மை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, பட்டம் படித்தவர்களிடம் நூற்றுக்குப் பத்தைத் தாண்டுகிறது. படிக்காதவருக்கெல்லாம் நல்ல வேலை கிடைத்துவிட்டது என்றா அர்த்தம்?

அந்த ஜெனீவா மாநாடே 2013-ல் தன் விதியைத் திருத்திக்கொண்டது. தன் வீட்டுச் சாப்பாட்டுக்காக மட்டும் பயிர் செய்பவரை, மாடு வளர்ப்பவரை வேலைவாய்ப்புக் கணக்கில் சேர்க்காமல் தனியாகக் காட்டுங்கள் என்றது. நம் கணக்கெடுப்பு அவர்களையும் இன்னும் சேர்த்தே எண்ணுகிறது. வெளிநாட்டு விதியில் எது எண்ணிக்கையை அழகாக்குமோ அது மட்டும் நமக்கு வேண்டும் போலிருக்கிறது.

நாள் கணக்கை ஏன் நிறுத்தினீர்கள்?

நம் நாட்டில் இதைப் புரிந்துகொண்ட பெரியவர்கள் இல்லாமல் இல்லை. 1970-ல் தாந்த்வாலா தலைமையிலான நிபுணர் குழு, விவசாயமும் சுயதொழிலும் நிறைந்த நாட்டில் வேலையின்மையை ஒரே எண்ணில் அடைக்க முடியாது என்று அறிக்கை தந்தது. அதன்படி 1972-73 முதல் தேசிய மாதிரி ஆய்வு மூன்று விதமாகக் கணக்கெடுத்தது. ஆண்டுக் கணக்கு, வாரக் கணக்கு, அதோடு நாள் கணக்கு. இந்த நாள் கணக்குதான் நமக்கு நெருங்கிய சொந்தம். வாரத்தின் ஒவ்வொரு நாளையும் இரண்டு அரை நாளாகப் பிரித்து, எத்தனை அரை நாள் வேலை, எத்தனை அரை நாள் சும்மா என்று எழுதுவார்கள். ஆளை விட்டுவிட்டு நாளை எண்ணும் முறை அது.

2011-12-ல் எடுத்த ஒரே கணக்கெடுப்பில் வந்த மூன்று பதிலைப் பாருங்கள். ஆண்டுக் கணக்கில் வேலையின்மை 2.2 சதவீதம். வாரக் கணக்கில் 3.7. நாள் கணக்கில் 5.6. ஒரே நாடு, ஒரே வருடம், ஒரே வீடுகள். அளவுகோலை மாற்றினால் இரண்டரை மடங்கு வித்தியாசம். 2004-05-ல் நாள் கணக்கில் 8.2 சதவீதம் வந்தது, ஆண்டுக் கணக்கிலோ 2.3-தான்.

2017-ல் புதிய கணக்கெடுப்பு வந்தபோது இந்த நாள் கணக்கைக் கைவிட்டுவிட்டார்கள். மூன்று கண்ணாடியில் எதில் நம் முகம் ஓரளவு தெரிந்ததோ அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

அப்படியும் முதல் கணக்கே சங்கடத்தைக் கொடுத்தது. 2017-18-ல் வேலையின்மை 6.1 சதவீதம், 45 ஆண்டுகளில் இல்லாத அளவு. அறிக்கையை வெளியிடாமல் வைத்திருந்தார்கள். அதைக் கண்டித்து 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் இரண்டு உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். பத்திரிகையில் எண் கசிந்தது. தேர்தலெல்லாம் முடிந்து மே 31 அன்றுதான் அறிக்கை வெளியே வந்தது.

கொரோனா வந்தது, வேலையின்மை குறைந்தது!

இதைத்தான் நம் மக்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. திருப்பூரில், சென்னையில், கோயம்புத்தூரில் வேலை செய்த நம் பிள்ளைகள் லாரியிலும் டூ வீலரிலும் நடந்தும் ஊர் வந்து சேர்ந்தார்கள். அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரை நகர்ப்புற வேலையின்மை வாரக் கணக்கில் 20 சதவீதத்தைத் தாண்டியது. ஐந்தில் ஒருவர். இது அரசு வெளியிட்ட எண்தான்.

ஆனால் நாடு முழுவதுக்குமான ஆண்டுக் கணக்கு என்ன சொன்னது? 2018-19-ல் 5.8. ஊரடங்கு வந்த 2019-20-ல் 4.8. கொரோனா கொன்று குவித்த 2020-21-ல் 4.2. உலகமே பூட்டிக் கிடந்தபோது இந்தியாவில் வேலையின்மை குறைந்துகொண்டே வந்தது!

எப்படி வந்தது இந்த அதிசயம்? ஊர் திரும்பிய பிள்ளை அப்பன் வயலில் இறங்கினான். இறங்கியதும் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டதாக எழுதினார்கள். உழைப்பாளர்களில் விவசாயத்தில் இருப்பவர்கள் 2018-19-ல் 42.5 சதவீதம், 2020-21-ல் 46.5 சதவீதம். வளரும் நாட்டில் ஆண்டுக்கு ஆண்டு விவசாயத்தில் ஆள் குறைந்து தொழிற்சாலைக்குப் போவார்கள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் நாம் படித்தோம். இங்கே சக்கரம் பின்னால் சுற்றியது. சுற்றியது நின்று திரும்பியதா என்றால் அதுவும் இல்லை. 2023-24-லும் 46 சதவீதம் பேர் விவசாயத்தில்தான்.

நாலு லட்சம் பேர் வேலை செய்த இடத்தில் அஞ்சு லட்சம் பேர் நிற்பதால் நெல் கூடுதலாக விளையாது, தோழர்களே. இரண்டு ஏக்கருக்குத் தேவையான வேலையை இரண்டு பேர் செய்தாலும் நாலு பேர் செய்தாலும் அதே முப்பது மூட்டை ஏக்கருக்கு. சோற்றைத்தான் நாலாகப் பிரிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1936-லேயே ஜோன் ராபின்சன் என்ற பொருளாதார அறிஞர் இதற்கு மறைமுக வேலையின்மை என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது, ஆலையிலிருந்து விரட்டப்பட்டுத் தெருவில் தீப்பெட்டி விற்றவர்களை. நம் ஊரில் தீப்பெட்டிக்குப் பதில் மம்பட்டி.

இன்னொரு எண்ணையும் கேளுங்கள். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர்கள் 2017-18-ல் மொத்த உழைப்பாளரில் 13.6 சதவீதம். 2023-24-ல் 19.4 சதவீதம். ஐந்து உழைப்பாளரில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட சம்பளமே கிடையாது! ஆனாலும் அவருக்கு வேலை இருக்கிறது. கிராமத்துப் பெண்கள் உழைப்புச் சந்தையில் பங்கேற்பது 24.6 சதவீதத்திலிருந்து 47.6 ஆக உயர்ந்துவிட்டது என்று அதே ஆண்டுகளுக்குப் பெருமையாகச் சொல்கிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் அதற்கு முன்னால் கட்டிலில் காலாட்டிக்கொண்டா இருந்தார்கள்? மாடு அதே மாடு, சாணி அதே சாணி. இவ்வளவு காலம் அவர்கள் உழைப்பை எண்ணாதது ஒரு அநியாயம். எண்ண ஆரம்பித்தவுடன் அதைப் புதிய வேலைவாய்ப்பு என்று கணக்குக் காட்டுவது அதைவிடப் பெரிய அநியாயம்.

ஆள் கிடைக்கலை என்கிறோமே, அது என்ன?

நம் கூட்டங்களில் எப்போதும் எழும் கேள்வி இது. "செயலாளர் வேலையில்லை வேலையில்லைங்கிறாரு. நடவுக்கு ஆள் கூப்பிட்டா ஒருத்தரும் வரலை. வடநாட்டுப் பசங்க வந்து நட்டுட்டுப் போறாங்க. நூறு நாள் வேலையாலதான் கெட்டுச்சு." பேசியவர்களில் நம் நிர்வாகிகளும் உண்டு. மறைக்கவில்லை.

கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போடுவோம். கடைமடையில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்குக் குறுவை என்பது பெரும்பாலும் பேச்சோடு சரி. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் உண்டு, திறந்தாலும் நம் வாய்க்காலுக்கு வந்து சேருவது எப்போது என்று நமக்குத் தெரியும். சம்பா ஒரு போகம், பிறகு உளுந்து. உழவு டிராக்டர், சில மணி நேரம். தண்ணீர் நம்பிக்கையில்லாததால் பலர் நேரடி விதைப்புக்குப் போய்விட்டோம், நாற்றுப் பறிப்பும் நடவும் போச்சு. களைக்குக் களைக்கொல்லி வந்துவிட்டது. அறுப்புக்கு மிஷின், ஒரு பொழுதில் வயல் காலி. முன்பு கதிர் அறுத்து, கட்டுத் தூக்கி, களத்தில் அடித்து, தூற்றி, மூட்டை பிடிக்க ஒரு தெருவே பத்து நாள் வேலை செய்தது. இப்போது வண்டி டிரைவரும் தார்ப்பாய் பிடிக்க நாலு பேரும் போதும். வரப்பு வெட்டுவது, உரம் போடுவது, மருந்தடிப்பது, தண்ணீர் பார்ப்பது எல்லாம் சேர்த்து ஒரு சம்பா போகத்தில் நாம் முழு நாளாக உழைப்பது நாற்பது நாளைத் தாண்டுமா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். உளுந்துக்கு இன்னும் ஒரு பத்துப் பதினைந்து நாள். பாக்கி முந்நூறு நாள்?

அதே நேரத்தில் நடவோ களையோ வந்தால் பதினைந்து நாளைக்கு எல்லோருக்கும் ஒன்றாக ஆள் தேவை. அந்தப் பதினைந்து நாளில் ஆள் பற்றாக்குறை உண்மை. மற்ற முந்நூறு நாளில் வேலைப் பற்றாக்குறையும் உண்மை. அந்தப் பதினைந்து நாள் கூலியை நம்பி ஒரு இளைஞன் வருடம் முழுக்க ஊரில் காத்திருப்பானா? அவன் திருப்பூருக்குப் போய்விட்டான். போனவனைத் திட்டிப் பயனில்லை.

அடுத்தது, கூலி வேலை நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று இன்னும் நினைக்கும் விவசாயிகளுக்கு. தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், ரெண்டு ஏக்கருக்கும் கீழே. இது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. நாடு முழுக்க விவசாயக் குடும்பங்களின் வருமானத்தை அரசே இரண்டு முறை ஆய்வு செய்தது. 2012-13-ல் மாதம் பயிரில் வந்தது 3,081 ரூபாய், கூலி சம்பளத்தில் 2,071. 2018-19-ல் பயிரில் 3,798, கூலி சம்பளத்தில் 4,063. புரிகிறதா? விவசாயி என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, சராசரியில் நிலம் தருவதைவிடக் கூலி தருவதுதான் அதிகம். பட்டா நம் பேரில் இருக்கிறது, பானை கூலியில் கொதிக்கிறது. கூலி நாள் குறைந்தால் முதலில் அடிபடுவது தொழிலாளி, அடுத்த அடி நமக்கே.

நூறு நாள் வேலையைப் பார்ப்போம். 2005-ல் வந்த சட்டம் நூறு நாள் என்றது. 2024-25-ல் நாட்டில் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்தது 50 நாள் அளவுதான். அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 125 நாள் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கலாம் என்கிறது. செலவில் 40 சதவீதத்தை மாநிலங்கள் தலையில் வைக்கிறது. ஆள் கிடைக்கலை என்று நாம் போட்ட சத்தத்தையே அந்த 60 நாளுக்குக் காரணமாகக் காட்டுகிறார்கள். அறுப்பு மிஷின் வந்த ஊரில் அறுவடைக்கு யாருக்கு ஆள் வேண்டும்? தீர்மானம் போடும் முன் நம் கிளைகள் இதை யோசிக்க வேண்டும்.

பழைய சட்டத்தில் ஒரு நல்ல ஷரத்து இருந்தது. வேலை கேட்டு மனுக் கொடுத்தால் தேதியிட்ட ரசீது தர வேண்டும். 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாக் காலப்படி தர வேண்டும். முதல் 30 நாளுக்குக் கூலியில் நாலில் ஒரு பங்கு, பிறகு பாதி. 2025-26-ல் தமிழ்நாட்டுக் கூலி 336 ரூபாய். நாலில் ஒன்று 84 ரூபாய். நம் ஊராட்சியில் இந்த 84 ரூபாயை வாங்கிய ஒருவரை நாம் பார்த்ததில்லை. ஏன்? ரசீதே தருவதில்லையே! "வேலை வந்தா சொல்லி அனுப்புறோம், போங்கம்மா" என்று வாய்ச்சொல்லில் அனுப்பிவிடுவார்கள். ரசீது இல்லையென்றால் கேட்டதாகவே பதிவில்லை. பதிவில்லை என்றால் வேலையின்மையும் இல்லை. திண்ணையில் தம்பி எழுதிய அதே கணக்குதான் ஊராட்சி அலுவலகத்திலும் நடக்கிறது.

நாமே எண்ணுவோம்

இந்த எண்ணிக்கை வெறும் காகிதம்தானே என்று விட்டுவிட முடியாது. 3.2 என்று எழுதிவிட்டால், வேலைக்கு ஒதுக்கும் பணம் எதற்கு என்று கேட்பார்கள். வாய்க்கால் தூர்வாருவதற்கும், நம் பகுதியில் ஒரு நெல் அரவை, பயறு உடைப்பு ஆலை வருவதற்கும், படித்த பிள்ளைக்கு வழி காட்டுவதற்கும் அவசரம் இல்லை என்றாகிவிடும். 2025 ஏப்ரல் முதல் மாதாமாதம் எண் வெளியிடுகிறார்கள். முதல் மாதம் 5.1 என்றார்கள். மாதாமாதம் சொல்வது நல்லதுதான், ஆனால் அதே ஒரு மணி நேரப் படிதான் அங்கேயும்.

நாள் கணக்கைத் திரும்பக் கொண்டுவா என்று நம் சங்கம் கேட்கிறது. சம்பளமில்லா உதவியாளர்களைத் தனியாகக் காட்டிவிட்டு, மீதிக்கு எண்ணைச் சொல் என்று கேட்கிறது. வேலை கேட்டவருக்கு, எந்தச் சட்டமானாலும், கேட்ட அன்றே ரசீது கொடு என்று கேட்கிறது. உளுந்து எடுத்ததற்கும் தண்ணீர் வருவதற்கும் இடையிலுள்ள அந்த வறண்ட மாதங்களில் வேலையைக் கொடு, வாய்க்கால் வேலையைக் கொடு என்று கேட்கிறது.

சும்மா கேட்டால் கொடுக்க மாட்டார்கள். அவர்களிடம் கணக்கு இருக்கிறது, நம்மிடம் புலம்பல் மட்டும் இருக்கிறது. ஆகவே கிளைக்கு ஒரு நோட்டு என்று வட்டக் குழு முடிவு செய்திருக்கிறது. நாற்பது பக்க நோட்டு போதும். வீட்டுக்கு ஒரு பக்கம். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர் பேரிலும் தினமும் ஒரே ஒரு குறி. முழு நாள் வேலை என்றால் பெருக்கல் குறி, அரை நாள் என்றால் ஒரு சாய்கோடு, வேலையில்லை என்றால் சுழி. சொந்த வயல் வேலையா, கூலியா என்பதைப் பக்கத்தில் ஒரு எழுத்தில் போட்டால் போதும். கூலி கிடைத்திருந்தால் தொகை. பெண்கள் பேரை விடாதீர்கள், போன தடவை மூன்று கிளைகள் விட்டுவிட்டன. பொய்யாகச் சுழி போட வேண்டாம். வேலை செய்த நாளை மறைத்து ஒரு கிளை மாட்டினாலும் மொத்த நோட்டையும் தூக்கி எறிந்துவிடுவார்கள். மடை திறந்த ஒன்றரை மணி நேரத்தையும் எழுதுங்கள், ஒன்றரை மணி நேரம் என்றே எழுதுங்கள்.

படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இதை எழுதித் தரட்டும். அவர்களுக்கும் ஒரு வேலையாயிற்று, சம்பளமில்லாத வேலைதான்!

மூன்று மாதம் எழுதிய நோட்டுகளோடு வட்டாட்சியர் அலுவலகம் முன் காத்திருப்புப் போராட்டம். தேதியைக் கிளைச் செயலாளர்கள் வந்து சொல்வார்கள். நோட்டைச் செயலாளரிடம் ஒப்படைக்கும்போது மறக்காமல் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் கொடுப்போம்.